மட்டி சொல்லும் சாட்சி



தீட்டு என்று நம்மீது சுமத்தப்பட்டதை யாரும் கண்ணால் கண்டதில்லை; அப்படி ஒன்று இல்லவே இல்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உண்மையிலேயே இருக்கிற ஒரு மாசைப் பற்றி இன்று பேசுகிறோம். அது ஆற்றில் கலக்கும் பாதரசம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், டிரைடன் நகரக் காகித ஆலையைச் சார்ந்த இரசாயனப் பிரிவு 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 10 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கீழே, கிராஸி நேரோஸ் ஊரில் அனிஷினாபே பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு உணவு மீன். பிழைப்பு மீன்பிடியும், மீன்பிடிக்க வரும் பயணிகளுக்கு வழிகாட்டுவதும்.

பாதரசம் சேற்றில் படிகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி அதை ஏற்கிறது. தண்ணீரை வடிகட்டி உண்ணும் மட்டியின் உடலிலும் அது சேர்கிறது. சிறு மீன், பெரிய மீன், மனிதர் என்று படிக்குப் படி செறிவு கூடுகிறது. தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. கைகால் மரத்துப்போகும், பார்வை குறுகும். கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் அது எட்டும்.

1970இல் அரசு அங்கே மீன்பிடித் தொழிலை மூடியது. மீனைத் தின்னாதீர்கள் என்றது. சோறும் கூலியும் ஒன்றாகப் போயின. ஆற்றைச் சுத்தம்செய்ய 8.5 கோடி டாலர் தருவதாக ஒன்டாரியோ அரசு சொன்னது 2017இல்தான்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை மட்டும் சோதித்தால் பாதரசம் மிகக் குறைவாகவே தெரியும். 'பாதுகாப்பானது' என்று அறிக்கை வந்துவிடும். மீனோ நீந்தித் திரிவது. மட்டி மட்டும் ஏறக்குறைய ஓரிடத்திலேயே பல ஆண்டுகள் கிடக்கும். ஆலைக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் எடுத்த மட்டிகளை ஒப்பிட்டால், விஷம் எங்கே கலந்தது என்பது புலப்படும்.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையும் பாம்பார் சோலையின் விளிம்பில்தான் இருந்தது. சேற்றையும் அதில் வாழும் உயிர்களையும் சோதித்தீர்களா என்ற கேள்வி நம் ஊர்களுக்கும் உரியது.

நத்தையும் நண்டும் தின்பவர்கள் என்று நம்மை ஏளனம் செய்தார்கள். கையில் காசில்லாத நாளில் நம் பிள்ளைகளுக்குச் சத்து கொடுத்தவை அவைதாம். 'தின்னாதே' என்பதை நாம் தீர்வாக ஏற்க முடியாது. சேற்றையும் மட்டியையும் சோதிக்கச் சொல்வோம். அந்த அறிக்கையைத் தமிழில் கிராமசபையில் வைக்கச் சொல்வோம்.