ஆள் கூடும் நேரத்தில் நூலகத்தை அளந்து பார்ப்போம்

சொந்த வீட்டில் இருந்த காலத்தில் பிள்ளை படிக்க ஒரு விறாந்தையாவது இருந்தது. இன்று பலருக்கு ஒரே அறைதான். சமையலும் படுக்கையும் கைக்குழந்தையின் அழுகையும் அதற்குள்ளேயே. படிக்கும் பிள்ளை புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பொதுநூலகத்துக்குப் போகிறது. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "இருக்க இடமில்லை" என்கிறது. "நாளைக்கு வெள்ளனப் போ" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளை எப்படி வெள்ளனப் போகும்?

அங்கே உண்மையிலேயே இடம் இல்லையா? அல்லது இருக்கும் இடம் சரியாகப் பயன்படவில்லையா? இதைக் கண்டறிய நிபுணர் எவரும் வரவேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் நாமே செய்யலாம்.

எப்போது அளப்பது?

வாய்க்கால் நன்றாக இருக்கிறதா என்பதை மழை நாளில் பார்த்து அறிய முடியாது. எல்லோருக்கும் தண்ணீர் வேண்டிய நாளில் கடைசி வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நூலகமும் அப்படித்தான். காலை பத்து மணிக்குப் போனால் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சனிக்கிழமை, பரீட்சை நெருங்கும் வாரங்கள் ஆகியவையே சோதனைக் காலம். அந்த நேரத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

எப்படி அளப்பது?

முதலில் நூலகருக்குச் சொல்லி அனுமதி பெறுவோம். அவரைக் குறை பிடிக்க அல்ல, அவருக்கும் கைகொடுக்கவே இதைச் செய்கிறோம். பிறகு மண்டபத்தின் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு வட்டம் போடுவோம். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெதுவாகச் சுற்றிவந்து, ஆள் இருக்கும் கதிரை, பை மட்டும் இருக்கும் கதிரை, வெறுங்கதிரை என மூன்றாகக் குறிப்போம். ஆண், பெண், சிறுவர், முதியோர் என்று பிரித்து எழுதுவோம். பெயர் எழுதக் கூடாது. இன்னொருவர் வாசலில் நின்று, இடமில்லாமல் திரும்புவோரை எண்ண வேண்டும். உள்ளே இருப்பவரை மட்டும் எண்ணினால் திரும்பிப் போனவர் கணக்கில் வரவே மாட்டார். ஒரு நாள் போதாது. ஒரு கிழமையாவது செய்ய வேண்டும்.

இது புதிய முறை அல்ல. கனடாவில் ரொறன்ரோ, வன்கூவர் நகரங்களின் மத்திய நூலகங்களில் இப்படிச் சுற்றிவந்து குறித்த ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரிய நகரத்துக்கு உதவிய முறை சிறிய ஊருக்கும் உதவும்.

கணக்கு என்ன சொல்லும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். மண்டபத்தில் 40 கதிரைகள். மாலை நான்கு மணிக்கு 28 பேர் இருக்கிறார்கள். 8 கதிரைகளில் பைகள் மட்டும். 4 கதிரைகள் வெறுமை: இரண்டு கால் உடைந்தவை, ஒன்றின் மேல் மின்குமிழ் எரியவில்லை, மற்றொன்றில் மேற்கு வெயில் நேரே விழுகிறது. அந்த மணித்தியாலத்தில் 10 பேர் திரும்பிப் போனார்கள்.

வாசலில் நின்று பார்ப்பவருக்கு மண்டபம் நிரம்பி வழிகிறது. உண்மையில் பயன்பட்டவை நூற்றுக்கு 70 கதிரைகளே. பை வைக்க வாசலில் ஒரு தட்டு, இரண்டு கால்களுக்கு ஆணி, ஒரு மின்குமிழ், யன்னலுக்கு ஒரு கிடுகுத் தட்டி. இவ்வளவும் செய்தால் 12 இடங்கள் கிடைக்கும். திரும்பிய 10 பேருக்கும் கதிரை உண்டு. ஒரு கதிரையும் புதிதாக வாங்கவில்லை.

கணக்கு வேறு விதமாகவும் வரலாம். எல்லாக் கதிரையிலும் ஆள் இருந்து, பிறகும் பலர் திரும்பினால், இடம் உண்மையிலேயே போதாது. அப்போது கூடுதல் மண்டபமோ, நேரத்தை நீடிப்பதோ கேட்க வேண்டும். மேசை, கதிரை, நடக்கும் வழி எல்லாம் சேர்த்து ஒரு வாசகருக்குச் சுமார் 25 சதுர அடி என்பது நூலகக் கட்டடம் அமைப்போர் நெடுங்காலமாகக் கொள்ளும் அளவு. 20 அடிக்கு 30 அடி மண்டபம் 600 சதுர அடி. அதில் 24 பேர் இருக்கலாம். அலுமாரிகள் நிற்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். அதற்கு மேல் கதிரைகளை நெருக்கினால் நடக்க வழி இராது. சக்கர நாற்காலி செல்ல 3 அடி அகல வழி வேண்டும். போரில் காலை இழந்தவர்கள் வாழும் ஊர்களில் இதை மறக்கலாகாது.

கதிரை மட்டுமா?

சத்தத்தையும் கவனிப்போம். சிறுவர் உரத்து வாசிப்பர், பெரியவர் பத்திரிகை பார்த்துப் பேசுவர், உயர்தர மாணவருக்கு அமைதி வேண்டும். மூவரையும் ஒரே மேசையில் இருத்தினால் மூவருக்கும் பயனில்லை. பத்திரிகையும் சிறுவர் பகுதியும் வாசலருகே, படிப்பு உள்ளே என்று மாற்றிப் போடச் செலவு எதுவும் இல்லை. பெண்பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழும்பிப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நூலகம் ஏழு மணிவரை திறந்திருந்தும் அவர்கள் ஐந்தரைக்கே போனால், குறை மண்டபத்தில் அல்ல, வெளிச்சமில்லாத வீதியில் இருக்கலாம்.

நூலகத்தின் அருமை நமக்குப் புதிதல்ல. 1933இல் சிறிதாகத் தொடங்கி, 1959இல் புதிய கட்டடம் கண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம், 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. பின்னர் மீளக் கட்டி எழுப்பப்பட்டது. அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர் இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. இரண்டு மைல் நடந்து வந்து, இடமின்றித் திரும்பும் பிள்ளையின் நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

ஒரு கிழமைக் கணக்கை ஒரே தாளில் சுருக்கி எழுதுவோம். முதலில் நூலகரிடமும், பிறகு அவரோடு சேர்ந்து பிரதேச சபையிடமும் கொடுப்போம். "இடமில்லை" என்று முறையிட்டால் "பார்ப்போம்" என்ற பதிலே வரும். "நான்கு மணிக்குப் பத்துப் பேர் திரும்பினர், எட்டுக் கதிரைகளில் பைகள் இருந்தன" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். நாம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்களாக இருக்கலாம். பொதுநூலகத்தின் கதிரை நம் பிள்ளைக்கும் உரியதே.