மிகைமையும் உதிரியும்: பேச்சுத் தரவகங்களுக்கான வட்டு அணித் தேர்வு

1. முன்னுரை

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் ஆர்ட்பார்க் அமைப்பும் கூகுள் நிறுவனத்தின் துணையுடன் 2022இல் அறிவித்த 'வாணி' திட்டம், இந்தியாவின் 773 மாவட்டங்களிலிருந்து 1,50,000 மணி நேரத்திற்கு மேற்பட்ட பேச்சைத் திரட்டுவதை இலக்காகக் கொண்டது. அவ்வளவு பேச்சை 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் சேமிக்க ஏறத்தாழ 17 டெராபைட் போதும். ஆவணக் காப்புத் தரமான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடத்தில் சேமித்தால் ஏறத்தாழ 155 டெராபைட் வேண்டும். இது ஒரு வட்டில் அடங்காது. பல வட்டுகளை இணைத்த அணி தேவை. வட்டுகள் பழுதாவது இயல்பு. பேசியவர் மறைந்தபின் அவர் பேச்சை மீண்டும் பதிய இயலாது. எனவே வட்டு அணியின் அமைப்பு மொழியியலாரும் அறிய வேண்டியதாகும்.

2. மிகைமை

'அவள் வந்தாள்' என்னும் தொடரில் பெயர் செவியில் விழாவிடினும் விகுதி அதன் திணை, பால், எண், இடங்களைக் காட்டிவிடும். மொழியியலார் இதனை மிகைமை என்பர். வட்டு அணியிலும் இத்தகைய மிகைமை உண்டு. 7, 5 என்னும் எண்களுடன் அவற்றின் கூட்டுத்தொகை 12ஐயும் எழுதி வைத்தால், மூன்றில் எது அழிந்தாலும் மற்ற இரண்டால் மீட்கலாம். 1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் முன்வைத்த 'ரெய்டு' முறையின் அடிப்படை இத்தகையதே. ரெய்டு-5 ஒரு வட்டின் இழப்பையும், ரெய்டு-6 இரு வட்டுகளின் இழப்பையும் தாங்கும்.

3. உதிரி

உதிரி வட்டில் தரவு ஏதும் இராது. ஒரு வட்டு பழுதானவுடன் அதன் இடத்தில் அமர்ந்து, எஞ்சியவற்றைக் கொண்டு மீட்டெழுதப்படும். மிகைமை இழப்பைத் தாங்குவது. உதிரி மீட்பு தொடங்கும்வரை உள்ள காத்திருப்பைக் குறைப்பது. இரண்டையும் 'கூடுதல் வட்டு' என மொழிபெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

4. ஒப்பீடு

16 டெராபைட் வட்டுகள் 12 உள்ளன எனக் கொள்க. 11 வட்டுகளில் ரெய்டு-5 அமைத்து ஒன்றை உதிரியாக வைத்தால் பயன்படு கொள்ளளவு 160 டெராபைட். 12 வட்டுகளிலும் ரெய்டு-6 அமைத்தாலும் அதே 160 டெராபைட். 'ஒரு கூடுதல் வட்டு' என்னும் தொடர் இவ்விரண்டையும் குறிக்கக்கூடும், காப்போ ஒன்றன்று.

நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் ஒரு வட்டை மீட்டெழுதக் குறைந்தது 22 மணி நேரம் ஆகும். அதற்கு முதல் அமைப்பில் எஞ்சிய 10 வட்டுகளையும் முழுமையாகப் படித்தாக வேண்டும். அஃது ஏறத்தாழ 1.28×10¹⁵ பிட். உயர்தர வட்டுகளுக்கும் 10¹⁵ பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை என்பதையே பொதுவான உச்ச வரம்பாக உற்பத்தியாளர் குறிப்பர். அந்நேரத்தில் ரெய்டு-5இல் மிகைமை எஞ்சியிராது. நேரும் பிழையைத் திருத்த வழியில்லை. ரெய்டு-6இல் இரண்டாம் மிகைமை அதனைத் திருத்தும். மாற்று வட்டு வர ஓரிரு நாள் தாழ்ந்தாலும் அக்காப்பு நிற்கும். ஆகவே ஒரே வட்டுக்கு இடமிருப்பின் உதிரியைவிட மிகைமையே சிறந்தது.

5. பெரிய வழங்கிகள்

60 வட்டுகள் கொண்ட வழங்கியில் 14 வட்டுகள் வீதம் நான்கு ரெய்டு-6 குழுக்கள் அமைத்து, எஞ்சும் நான்கைப் பொது உதிரிகளாக வைக்கலாம். 768 டெராபைட் கிடைக்கும். எந்தக் குழுவில் பழுது நேரினும் உதிரி உதவும். இரவிலும் விடுமுறையிலும் ஆளில்லாத நிலையங்களுக்கு இது பொருந்தும். 2021இல் வெளிவந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.1 பதிப்பு, உதிரி இடத்தை எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து வைத்து மீட்பை விரைவுபடுத்தும் முறையையும் தந்தது.

6. முடிவுரை

மிகைமையோ உதிரியோ தவறான அழிப்பிலிருந்தும் தீயிலிருந்தும் காவாது; அழிக்கும் ஆணை எல்லா வட்டுகளிலும் செயற்படும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறிடத்தில் படி இல்லாதவை மீளவில்லை. எனவே முதலில் வேறு நகரில் ஒரு படி, அடுத்து இரட்டை மிகைமை, அதன்பின் உதிரி என்பதே பேச்சுத் தரவகங்களுக்குத் தக்க வரிசையாகும்.