பங்கு கேட்க ஆளில்லாத நெகட்டிவ்

பெரியவர் ஒருவர் காலமான பிறகு பீரோவைத் திறந்து பொருள்களைப் பிரிக்கும்போது ஆல்பத்துக்கு எப்போதும் ஆள் இருக்கும். சட்டமிட்ட கல்யாணப் படத்தை மூத்தவர் எடுத்துக்கொள்வார். தாத்தாவின் அக்ஃபா கிளிக் 3 கேமரா பேரன் வீட்டு ஷோகேஸுக்குப் போகும். ஸ்டுடியோ பெயர் அச்சிட்ட பழுப்பு உறைகளில் கிடக்கும் நெகட்டிவ்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. பழைய பேப்பரோடு பேப்பராக அவை எடைக்குப் போய்விடும். மூலப்பத்திரத்தை எறிந்துவிட்டு நகலைப் பத்திரப்படுத்துவது போன்ற காரியம் இது.

கிளிக் 3-இல் 120 ஃபிலிம் போட்டால் 12 படம். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறக்குறைய 5.6 செ.மீ. சதுரம். செலவைக் குறைக்க அந்த அளவிலேயே பிரிண்ட் போட்டுக்கொண்ட குடும்பங்கள் பல. அந்தக் குட்டிப் படத்தில், பின்வரிசையில் நிற்கும் அத்தையின் முகம் வெறும் புள்ளி. நெகட்டிவை 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு 5,000 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். அந்தக் கேமராவின் எளிய லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைத் தராதுதான். ஆனாலும் நின்றவர் இன்னார் என்று சொல்லுமளவுக்கு முகம் துலங்கக்கூடும்.

கோடாக் ஆனாலும், ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிம் ஆனாலும் உள்ளே வேலை செய்வது வெள்ளிதான். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி ஹாலைடு படிகங்கள் பரவியிருக்கும். ஒளி பட்டதும் ஒரு படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒன்றுசேரும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, டெவலப்பர் முழுப் படிகத்தையும் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடுகிறது.

இதில் கடுகுக்கும் பங்குண்டு என்பது எனக்கு அலுக்காத செய்தி. ஜெலட்டின், மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஒரு ஜெலட்டினில் செய்த ஃபிலிம் சுறுசுறுப்பாக ஒளியை வாங்கியது. இன்னொன்று மந்தமாக இருந்தது. கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் 1920-களில் இதற்குக் காரணம் தேடினார். கடுகுச் செடியில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மங்கள், மாடு தின்ற தீவனத்தின் வழியாக ஜெலட்டினுக்குள் வந்து, படிகத்தின் ஒளியுணர்வைக் கூட்டுவதாகக் கண்டறிந்தார்.

அதே கந்தகம் பின்னாளில் பகையாகவும் மாறும். படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவிலும் கந்தகம் உண்டு. அதைச் சரியாக அலசாமல் விட்டால் வெள்ளி மெல்ல வெள்ளி சல்பைடாகி, படம் மஞ்சளும் பழுப்புமாக மங்கும். நன்றாக அலசிய கறுப்பு-வெள்ளைப் படமோ நூறாண்டு தாண்டியும் நிற்கிறது.

கலர் படத்துக்கு அந்தப் பலம் இல்லை. அதில் வெள்ளியை நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது மூன்று சாயங்கள். 1970-களில் எடுத்த பல படங்கள் இன்று செக்கச்செவேலென்று தெரிவதற்குக் காரணம், அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் சிதைந்ததே. இருட்டில், ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும். ஆகவே, தாத்தா காலத்துக் கறுப்பு-வெள்ளையை அவசரமாக ஸ்கேன் செய்துவிட்டு, அப்பா அம்மா கல்யாணக் கலர் படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விடுவது தலைகீழான வரிசை. கலருக்கே முதலிடம்.

நெகட்டிவின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக்குக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. 1948-இல் டிரை-அசிடேட் ஃபிலிம் வந்து பத்தாண்டுக்குள் கோடாக்குக்கு முதல் புகார் போனது. அனுப்பியது இந்திய அரசு. நம் தட்பவெப்பத்தில் ஃபிலிம் சிதைந்து வினிகர் நெடி அடித்தது. வெளிவரும் அசிட்டிக் அமிலம் சிதைவை மேலும் தூண்டும். பக்கத்து ஃபிலிமையும் தொற்றும். நெடி அடிக்கும் நெகட்டிவ்களை உடனே தனியாகப் பிரித்து, காற்றோட்டமான காகித உறையில் வைத்து, கலருக்கும் முன்னதாக ஸ்கேன் செய்யுங்கள். சித்திரை வெயிலில் கொதிக்கும் பரண் வேண்டாம். உள்ளறை அலமாரி போதும். சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின்தான் ஒட்டியிருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

ஸ்கேன் செய்தவுடன் குடும்பத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கிறது, சண்டைக்கு இடமில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, நம் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. வீட்டுப் படங்களுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை, நாம்தான் செய்ய வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலில் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம்.

கேமரா உங்கள் பங்குக்கு வந்திருந்தால், பின்மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். உள்ளே கழுவாத ரோல் இருக்கலாம். 1897-இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் பறந்து மாண்ட சுவீடனின் ஆந்த்ரே குழுவின் ஃபிலிம், 1930-இல் பனித்தீவில் கிடைத்தது. 33 ஆண்டுக்குப் பின் அதைக் கழுவி 93 படங்களை மீட்டார்கள். துருவத்துக் குளிர் நம் வீட்டில் இல்லை. படம் மங்கியிருக்கலாம், புகைபடிந்திருக்கலாம். ஆனாலும் ரோலை முழுதும் சுற்றி முடித்து, இருட்டறையில் எடுத்து, ஃபிலிம் கழுவும் லேபில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.