டிக்கெட் விலை வேறு, பயணத்தின் அடக்க விலை வேறு

ஒரு மூட்டை சரக்கு வாங்கினால் அதன் கொள்முதல் விலையை மட்டும் பார்த்து நாம் விற்பனை விலை போடுவதில்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கழிவு அனைத்தையும் கூட்டி அடக்கம் கண்ட பிறகுதான் லாபத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் இதே வணிகர், விமானப் பயணம் என்று வந்துவிட்டால், டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி இந்த இடத்தில்தான் பொருந்துகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1953ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டத்தின்படி உள்நாட்டில் அரசு நிறுவனம்தான் விமானம் ஓட்டியது. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2003இல் ஏர் டெக்கான் குறைந்த கட்டணச் சேவையைத் தொடங்கியது. அதன் பிறகு ஊருக்கு ஊர், நாளுக்கு நாள், மணிக்கு மணி கட்டணம் மாறுகிறது. எனவே எந்த விமான நிலையத்திலிருந்து ஏறுவது என்பதும் வியாபாரக் கணக்கில் ஒன்றாகிவிட்டது.

நமக்கு உள்ள வழிகள்

பழனி மலைப் பகுதியில் விமான நிலையம் இல்லை. கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கி.மீ. தூரம். பெருமாள்மலையில் பிரிந்து பழனி மலைச்சாலையில் இறங்கிக் கோவை சென்றால் சுமார் 175 கி.மீ. வத்தலக்குண்டு, திண்டுக்கல் வழியாகத் திருச்சி சென்றால் 200 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பழனி வணிகருக்கோ மதுரையும் கோவையும் ஏறத்தாழ ஒரே தூரம். திண்டுக்கல் வணிகருக்கு மதுரை 65 கி.மீ., திருச்சி 100 கி.மீ. ஆகவே கொடைக்கானல் கடைக்காரருக்குச் சரியான வழி பழனிக் கடைக்காரருக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சிங்கப்பூர், மலேசியா செல்பவர்கள் திருச்சியைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் உள்ளன. புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்து வைக்கப்பட்டது.

தலைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று

ஓர் உதாரணம் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே. கொடைக்கானல் மளிகை வணிகர் ஒருவர் மும்பை செல்கிறார். மதுரையிலிருந்து டிக்கெட் ரூ.6,800, கோவையிலிருந்து ரூ.5,600. மிச்சம் ரூ.1,200 என்று தோன்றும். ஆனால் கோவைக்குக் கூடுதலாக 55 கி.மீ. வாடகைக் கார் காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 110 கி.மீ. கிலோமீட்டருக்கு ரூ.15 வீதம் ரூ.1,650. அதாவது மிச்சம் பிடிக்கப் போனவருக்கு ரூ.450 நஷ்டம்.

அதே காரில் மூன்று பேர் சென்றால் கணக்கு தலைகீழாகிறது. டிக்கெட்டில் மிச்சம் ரூ.3,600, கார் செலவு அதே ரூ.1,650தான். நிகர மிச்சம் ரூ.1,950. டிக்கெட் தலைக்கு ஒன்று, கார் வண்டிக்கு ஒன்று என்பதே இதன் சூட்சுமம். தனியாகச் செல்பவர் பக்கத்து விமான நிலையத்தையும், குடும்பமாகவோ குழுவாகவோ செல்பவர்கள் சற்றுத் தொலைவில் உள்ளதையும் முதலில் விசாரிப்பது நல்லது. பஸ்ஸில் செல்பவருக்கு இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும்.

ரயிலும் விமானமும்

சென்னையிலிருந்து மும்பைக்கு விமானங்கள் அதிகம். கட்டணமும் பல நாட்களில் குறைவு. மதுரையிலிருந்து புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோட்டிலோ திண்டுக்கல்லிலோ இரவில் ஏறி, காலையில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் சென்றால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. கொடை ரோடு 80 கி.மீ. மட்டுமே என்பதால் கார் செலவும் குறைகிறது.

ஆனால் இரவுத் தூக்கம் கெட்டு, மும்பையில் இறங்கும்போது பிற்பகல் ஆகிவிட்டால், வாஷி மார்க்கெட்டில் அன்று சரக்கு பார்த்து விலை பேச முடியாது. ஒரு நாள் லாட்ஜ் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூடும். டிக்கெட்டில் மிச்சமான தொகை அங்கே கரைந்துவிடும். அவசரமில்லாத பயணத்திற்கு இது நல்ல வழி. ஒரே நாளில் வேலை முடிய வேண்டியவருக்கு இது வழியல்ல.

இறங்கும் இடத்திலும் இதே கணக்குதான். பனவேல் அருகே அமைந்த நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபர் 8 அன்று திறந்து வைக்கப்பட்டது. வாஷிக்குச் செல்பவருக்குப் பழைய சாந்தாகுரூஸ் நிலையத்தை விட இது பக்கம். டிக்கெட் எடுக்கும்போது "மும்பை" என்று மட்டும் பாராமல், எந்த நிலையம் என்றும் பார்க்க வேண்டும்.

கடை மூடும் நஷ்டம்

"ஒரு நாள் கடை மூடினால் இருபதாயிரம் போச்சு" என்று சொல்வோரும் உண்டு. அதை அடியோடு மறந்துவிடுவோரும் உண்டு. இரண்டும் சரியல்ல. விற்பனை ரூ.20,000, அதில் கிடைக்கும் லாபம் பத்து சதவீதம் என்றால், நஷ்டம் ரூ.2,000 மட்டுமே. கடையில் மகனோ நம்பிக்கையான ஆளோ இருந்தால் அதுவும் இல்லை. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான், அரை நாள் மிச்சமாகும் நேரடி விமானத்திற்குக் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும்.

மாறிச் செல்லும் விமானம்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியே எடுத்தால் சில சமயம் மலிவாக இருக்கும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், இரண்டாவது நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை; அந்தப் பணம் போனதுதான். பெட்டியையும் சென்னையில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். முழுப் பயணத்திற்கும் ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுத்தால், அடுத்த விமானத்தில் அனுப்பி வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஆபத்து அதிகம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலாலும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டதை மறந்துவிடக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனித்தனி டிக்கெட்டைத் தவிர்ப்பதே நலம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மலைச்சாலையும் இந்தக் கணக்கில் சேரும். உள்நாட்டு விமானத்திற்கு லக்கேஜ் ஒப்படைக்கும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். சீசன் நெரிசலிலோ மண்சரிவிலோ மாட்டிக்கொண்டால் விமானம் காத்திருக்காது. அதிகாலை விமானம் மலிவு என்று எடுத்தால், முதல் நாள் இரவு மதுரையில் தங்கும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சிறு செலவுகள், சிறு வரவுகள்

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோ லக்கேஜ்தான் இலவசம். மலைப்பூண்டு, மிளகு சாம்பிள் கொண்டு செல்வோர் வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிட வேண்டும். அதிகப்படியான ஒவ்வொரு கிலோவுக்கும் நிலையத்தில் கேட்கும் தொகை, சரக்கின் விலையையே தாண்டிவிடலாம்.

சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வியாபாரத்திற்காகச் செல்லும் பதிவு பெற்ற வணிகர், டிக்கெட் எடுக்கும்போதே தமது ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் பில் பெற்றால், அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

ஒரு துண்டுச் சீட்டு போதும்

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு சீட்டில் ஆறு வரி எழுதுங்கள்: டிக்கெட், நிலையம் வரை செல்லும் செலவு, இறங்கிய இடத்துச் செலவு, தங்கும் செலவு, லக்கேஜ், கடை லாப இழப்பு. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே கூட்டுங்கள். கடைசியில், விமானம் தவறினால் நின்றுபோகும் வியாபாரம் எவ்வளவு என்று ஒருமுறை யோசியுங்கள். முன்பணம் கொடுக்க வேண்டிய கெடு நாளுக்கும், கல்யாண முகூர்த்தத்திற்கும் செல்பவர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாவது நேரடி விமானத்தில் செல்வதே லாபம். நாள் முன்பின் ஆனாலும் பாதகமில்லாதவர் மலிவான வழியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

சரக்குக்குப் போடும் அடக்கக் கணக்கை நம் பயணத்திற்கும் போட்டுப் பார்ப்போம்.