சுவரில் நிலைக்கும் நிறம்

சாரல் காலத்தில் அச்சன்புதூர், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து குற்றாலம் போகிறவர்கள் பெரும்பாலும் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் சித்திர சபையையும் அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலத்தில் ஆடல்வல்லான் சுவரோவியமாகவே இருக்கிறார்.

ஈரக்காற்று ஓயாத ஊரில் நிறம் எப்படித் தங்குகிறது? பழைய சுவர்களின் பலம் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. அதை நீரில் நீற்றிச் சாந்தாக்கிப் பூசினால், காயக் காய அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஈரச் சாந்தின்மேல் தீட்டிய நிறம் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்படும். காய்ந்த சுவரில் தீட்டினால் அதைப் பிடித்து நிறுத்தப் பிசின் வேண்டும்.

நிறத்தின் குணமும் முக்கியம். காவி என்பது இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே துருவாகிவிட்ட அதைக் காற்று மேலும் மாற்றாது. வெயிலும் எளிதில் வெளுக்க வைக்காது. தாவரச் சாயங்கள் அப்படியல்ல. வெயிலின் புறஊதாக் கதிர்கள் அவற்றின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைப்பதால் நிறம் மங்குகிறது.

இனி சென்னைக்கு வாருங்கள். நகரின் கரையோரக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில், 2020ஆம் ஆண்டில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் அடுக்குமாடிகளின் சுவர்கள் ஓவியங்களாயின. சென்னைக்காரரான ஏ-கில் அங்கே தீட்டிய சிறுமியரின் சிரித்த முகங்கள் பல மாடி உயரம். மனித முகங்களை வானளாவ வரைவதே அவருடைய தனி அடையாளம். நகரில் வேறொரு சுவரில் அப்படியொரு முகத்தைக் கண்டால், இது அவர் கையோ என்று நின்று பார்க்கத் தோன்றும்.

சாரத்தில் நிற்கும் ஓவியருக்கு எதிரே தெரிவது ஒரு நிறத்திட்டு மட்டுமே. முழு முகமும் கண்ணுக்கு அகப்படாது. அதனால் சிறிய படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் சுவரில் பெரிதாக்குவது பலருடைய வழக்கம். மீதி வேலையை நம் கண் செய்கிறது. நல்ல பார்வையுள்ள கண்ணாலும் 10 மீட்டர் தொலைவில் சுமார் 3 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறிய முடியாது. தொலைவு கூடக் கூட அந்த அளவும் கூடும். அருகில் தனித்தனியாகத் தெரியும் தீற்றல்கள் தெருமுனையிலிருந்து கன்னமாகவும் இமையாகவும் கலந்துவிடுவது இதனால்தான்.

இன்றைய சுவரோவியங்களுக்குப் பெரும்பாலும் அக்ரிலிக் வண்ணமே. நீர் ஆவியானதும் நுண்ணிய பிசின் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. நிறம் அதற்குள் தங்குகிறது. பழையதோ புதியதோ, இரண்டுக்கும் பகை ஒன்றே: சுவருக்குள் ஏறும் நீர். அது ஆவியாகும்போது விட்டுச்செல்லும் உப்பு படிகமாகி வளர்ந்து, நிறத்தைப் பின்னாலிருந்து தள்ளி உதிர்க்கிறது. உப்புப் பூத்த சுவரில் எந்த ஓவியமும் நிலைக்காது.

ஆகவே ஓவியத்தைக் காப்பது என்றால் முதலில் சுவரைக் காப்பது. கூரை ஒழுக்கை அடையுங்கள். வண்ணத்தின்மேல் சுவரொட்டி ஒட்டவோ ஆணி அடிக்கவோ விடாதீர்கள். அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது, பிள்ளைகளைச் சித்திர சபைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.