எஞ்சினுக்காகக் காத்திருந்த இறக்கைகள்

விமானம் வடிவமைப்பவர் முதலில் கேட்பது மூன்று கேள்விகள்: என்ன எஞ்சின் கிடைக்கும், அதன் எடை எவ்வளவு, அது எவ்வளவு திறன் தரும்? இறக்கையின் நீளம், உடலின் பருமன், எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். ரைட் சகோதரர்கள் 1902 இறுதியில் இந்தக் கேள்விகளோடு மோட்டார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். போதிய அளவு லேசான எஞ்சின் தர யாராலும் முடியவில்லை. கடைசியில் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், அலுமினிய வார்ப்பில் 12 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றைக் கடையிலேயே செய்து கொடுத்தார். விமானத்தைப் பறக்கவிட்ட சகோதரர்களை உலகம் கொண்டாடுகிறது. டெய்லரின் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பவர்களே அதிகம்.

விமானத்தின் விவரக்குறிப்புத் தாளில் பல வரிசைகள் இருக்கும். சாதாரண வாசகர் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: பறக்கும்போது உள்ள மொத்த எடை, இறக்கையின் பரப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்று தெரியும். இதற்கு இறக்கைச் சுமை என்று பெயர். இந்த அளவு குறைவாக இருந்தால் விமானம் மெதுவாகப் பறந்தாலும் காற்று தாங்கிக்கொள்ளும். சின்ன மைதானத்தில்கூட இறங்கிவிடலாம். கூடினால் வேகமாகப் பறந்தாக வேண்டும். நீளமான ஓடுபாதை இல்லாமல் நடக்காது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் இறக்கையின் மேல் காற்றோட்டம் குலைந்து தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடும். இதைத்தான் விமானிகள் 'ஸ்டால்' என்கிறார்கள்.

இந்தக் கணக்கின் ஒரு முனையில் இருப்பது கிட் விமானம். தொழிற்சாலையிலிருந்து பாகங்கள் பெட்டியில் வரும். வாங்கியவர் தன் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொள்வார். அமெரிக்காவில் இதற்கென்று ஒரு விதி உண்டு: வேலையில் பாதிக்கு மேல் வாங்கியவரே செய்திருந்தால்தான் அது சொந்தமாகக் கட்டிய விமானம். ஐரோப்பாவில் இரண்டு பேர் அமரும் மைக்ரோலைட்டுக்கு நெடுங்காலம் 450 கிலோ என்ற எடை வரம்பு இருந்தது. இந்தியாவில் இந்த வகைக்கு நல்ல உதாரணம், பெங்களூரின் ராஜ் ஹம்சா அல்ட்ராலைட்ஸ் நிறுவனம் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பிய எக்ஸ்-ஏர். அலுமினியக் குழாய்களைப் போல்ட் போட்டு இணைத்த சட்டகம். அதன் மேல் பாய்மரத் துணியாகிய டாக்ரான், உறை மாட்டுவதுபோல இழுத்து மாட்டப்படும். இறக்கை தலைக்கு மேலே. மூன்று சக்கரங்களும் மடங்காதவை. மூக்கில் 50 அல்லது 65 குதிரைத்திறன் ரோடாக்ஸ் எஞ்சின். அது ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டியிருந்தது. இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 28 கிலோதான் சுமை. ஸ்டால் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தே இதைத் தாண்டிவிடும்.

தென்காசியிலிருந்து தெற்கே அம்பாசமுத்திரம் தாண்டினால் மணிமுத்தாறு. இத்தகைய விமானம் ஒன்று 2014-ல் அங்கேதான் பறந்து காட்டியது. அதைக் கட்டியவர் கேரளத்தின் தொடுபுழாப் பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாதவர், பேச இயலாதவர். பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து தொற்றிய ஆசை அது. எலக்ட்ரிகல் வேலையிலும் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தும் சம்பாதித்ததைப் போட்டுப் பல ஆண்டுகள் உழைத்து, இரண்டு இருக்கை கொண்ட 'சஜி எக்ஸ்-ஏர் எஸ்' விமானத்தைச் செய்து முடித்தார். ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதை மணிமுத்தாறில் ஓட்டிப் பார்த்தார். காது கேட்காத ஒருவர் எஞ்சினின் சீரைக் கையில் உணரும் நடுக்கத்திலும் சட்டகத்தின் அதிர்விலும் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். வேறு எதைவிடவும் இந்த ஒன்றுதான் இந்தக் கதையில் வியப்பு.

தென்காசிப் பக்கத்தில் இத்தகைய விமானத்தை எல்லா மாதமும் பறக்கவிட முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இறங்கும் மேற்குக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றவைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. 450 கிலோ விமானத்துக்கு அது வெறும் பேச்சல்ல. இறக்கைச் சுமை குறைந்த விமானத்தை ஒரு பலத்த காற்றுவீச்சு உயரத் தூக்கிப் போட்டுவிடும். தரையிறங்கும் நேரத்தில் பக்கக் காற்று அடித்தால் ஓடுபாதையை விட்டே தள்ளிவிடும். மெதுவாகப் பறக்க முடிவதற்கு அந்த விமானம் கொடுக்கும் விலை இதுதான்.

குழாயும் துணியும் இல்லாத இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் 1970-களில் கொண்டுவந்த முறையில் அச்சு வேண்டாம், ரிவிட் வேண்டாம். தெர்மோகோல் வகை நுரைக்கட்டியைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து எபாக்ஸி பிசின் பூசினால் காய்ந்ததும் இறக்கை தயார். அவருடைய லாங்-ஈஸி என்ற விமானத்தின் வரைபடத்தைக் கொண்டு பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் ஒரு சிறு ஆய்வு விமானத்தைக் கட்டியது. அதில் பழகிய கைகள் அடுத்துச் செய்ததுதான் ஹன்ஸா. இரண்டு இருக்கை, 750 கிலோ எடை கொண்ட இந்தப் பயிற்சி விமானம் 1993 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. உடல் முழுக்க இந்தியக் கைவேலை. ஹன்ஸா-3 வகையில் பொருத்தியதோ ரோடாக்ஸ் எஞ்சின்.

கணக்கின் மறுமுனை போர்விமானம். இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர்விமானமான எச்.எஃப்-24 மாருத்தின் கதையில் எஞ்சின் சிக்கல் பூதாகாரமாகத் தெரிகிறது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும் விமானம் வேண்டும் என்று விமானப்படை கேட்டது. அதற்காக 1956-ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர் ஜெர்மானியரான கர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் புகழ்பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 அவர் கைவண்ணம்தான். சிறிய ஜெர்மன் குழு ஒன்றும், ஜெட் போர்விமானம் எதையும் அதுவரை வடிவமைத்திராத இந்தியப் பொறியாளர்களும் அவருக்குத் துணை.

டாங்க் செய்த முதல் காரியம் மரத்தில் ஒரு மாருத் கட்டியது. அசல் அளவு, அசல் வடிவம், மடங்கும் சக்கரங்கள். எஞ்சின் மட்டும் கிடையாது. 1959-ல் தொடங்கி, டகோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விடுவிக்கும். சோதனை விமானி சறுக்கியபடியே தரையிறக்குவார். இப்படிப் பல முறை பறந்தது. திருப்பும்போது எப்படி நடந்துகொள்கிறது, எந்த வேகத்தில் தடுமாறுகிறது என்பதெல்லாம் உலோக விமானம் ஒன்று உருவாகும் முன்னரே தெரிந்துவிட்டன. பெரிய காற்றுச் சுரங்கமும் கணிப்பொறியும் இல்லாத இடத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை இருந்திருக்க முடியாது.

1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் உலோக முன்மாதிரியை ஓட்டினார். நீளம் சுமார் 15.9 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர், பரப்பு 28 சதுர மீட்டர். முழுச் சுமையோடு 10,900 கிலோ. அப்படியானால் சதுர மீட்டருக்கு 390 கிலோ. எக்ஸ்-ஏரைப்போல் கிட்டத்தட்ட 14 மடங்கு. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை; அது சேரும் இடத்தில் உடல் உடுக்கையின் நடுப்பகுதிபோல ஒடுங்கும். ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவை திடீரென்று எகிறும். இறக்கையின் பருமனை உடலில் குறைத்து ஈடுகட்டினால் அந்த எகிறல் தணியும் என்பது அப்போது புதிய அறிவு. மூக்கில் நான்கு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள்.

உடல் ஒலியைத் தாண்டத் தயாராக இருந்தது. எஞ்சின் வரவில்லை. டாங்க் கணக்கிட்டது பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சின்கள் இரண்டை வைத்து. எஞ்சினை விட்டு வெளியேறும் புகையில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கும் ஆஃப்டர்பர்னரோடு, அவை ஒவ்வொன்றும் 3,700 கிலோ அளவுக்கு உந்துவிசை தந்திருக்கும். பிரிட்டனுக்கே அந்த எஞ்சின் தேவைப்படாமல் போனதும், உருவாக்கும் செலவை இந்தியாவிடம் கேட்டார்கள். டெல்லி சம்மதிக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சியது பெங்களூரிலேயே தயாரான ஆர்ஃபியஸ் 703. ஒன்றுக்கு 2,200 கிலோ உந்துவிசை, ஆஃப்டர்பர்னர் இல்லை. இரட்டை ஒலிவேகத்துக்கு வரைந்த விமானம் ஒலிவேகத்தை ஒட்டிய அளவோடு நின்றுவிட்டது. அன்று மிச்சம் பிடித்த பணம் ஒரு தலைமுறையின் உழைப்பைப் பாதியில் நிறுத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு மாற்று தேடும் படலம். சோவியத் எஞ்சின் ஒன்றைப் பரிசீலித்தார்கள். எகிப்து உருவாக்கிவந்த இ-300 எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத்தே அங்கே அனுப்பப்பட்டது. 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் அந்த முயற்சியும் அடங்கியது. இருக்கிற ஆர்ஃபியஸிலேயே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்க்கலாம் என்று பெங்களூர்ப் பொறியாளர்கள் இறங்கினார்கள். அந்தச் சோதனை விமானம் 1970 ஜனவரி 10 அன்று கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர் முதல் மாருத்தை ஓட்டிய அதே சுரஞ்சன் தாஸ்; அப்போது குரூப் கேப்டன். அவர் உயிர் பிழைக்கவில்லை.

ஆனாலும் மாருத்தைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக் கூடாது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 டிசம்பர் போரில் ராஜஸ்தான் பாலைவன முனையில் தாழப் பறந்து தாக்குவதற்கு அவை கைகொடுத்தன. ஓர் எஞ்சின் அடிபட்டு இன்னொன்றின் பலத்தில் தளம் திரும்பியவையும் உண்டு. தாழ்வான உயரத்தில் ஆட்டம் காணாத விமானம் என்பது ஓட்டியவர்கள் பலரின் தீர்ப்பு. 1990 வாக்கில் கடைசி மாருத்தும் சேவையிலிருந்து விடைபெற்றது.

மாருத் முதலில் பறந்ததிலிருந்து அடுத்த உள்நாட்டுப் போர்விமானத்தின் முன்மாதிரி பறக்க நாற்பது ஆண்டு ஆயிற்று. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் ஓட்டிய அந்த விமானமே பின்னாளில் தேஜஸ் ஆனது. உடலின் மேற்பரப்பில் பெரும்பகுதி கார்பன் இழை. கணிப்பொறி இல்லாமல் நேராக நிற்காத வாலற்ற முக்கோண இறக்கை. அதற்காக உள்நாட்டில் உருவான காவேரி எஞ்சின் எதிர்பார்த்த உந்துவிசையைத் தொடவில்லை. 2008-ல் இரண்டு திட்டங்களும் பிரிக்கப்பட்டன. கோவை அருகே சூலூருக்கு 2018-ல் வந்து சேர்ந்த தேஜஸ் விமானங்கள் எல்லாமே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் எஃப்-404 எஞ்சினில் பறக்கின்றன. மேம்படுத்திய தேஜஸுக்காக 2021-ல் அதே நிறுவனத்திடம் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில்.