உங்களுக்குத் தெரியுமா? கும்மிடிப்பூண்டி வழியே ஓடும் 16
கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு லாரிகள் வந்துபோகும் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையின் எண் 16. முன்பு அதற்கு 5 என்ற பகா எண். புது எண்தான் சுவாரசியம்!

2-இன் அடுக்கு 4 என்றாலும் (2×2×2×2) 16. 4-இன் அடுக்கு 2 என்றாலும் (4×4) 16. அடியும் அடுக்கும் இடம் மாறியும் விடை மாறாத இன்னொரு ஜோடி, வெவ்வேறான மிகை முழு எண்களில் கிடையவே கிடையாது. 1728-இலேயே கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி இதைச் சக கணிதவியலாளர் கோல்ட்பாக்குக்குக் கடிதத்தில் எழுதிவிட்டார்.

பக்கம் 4 உள்ள சதுரத்துக்குச் சுற்றளவும் 16, பரப்பளவும் 16. (அலகு வேறுதான், கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க!)

தன்னைத் தவிர்த்த வகுத்திகளான 1, 2, 4, 8-ஐக் கூட்டினால் 15. ஒன்று கூடியிருந்தால், அந்தக் கூட்டுத்தொகை தனக்கே சமமாகும் 6, 28 போல 16-ம் நிறைவு எண் ஆகியிருக்கும்.